வடலூர் தருமச்சாலை: பருப்பு போட்ட சாம்பார்

எந்த ஊரில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும், சாம்பார் ஊற்றியதும் விரலால் ஒருமுறை துழாவிப் பார்ப்பேன், பருப்பு தட்டுப்படுகிறதா என்று. பண்ருட்டி மளிகைக் கடைக்காரர் மகள் நான். பருப்பு விலை ஏறினால் சாம்பாரில் பரங்கிக்காய் கூடும். கடலை மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். விரலுக்குத் தெரியாவிட்டாலும் நாக்கு சொல்லிவிடும்.

வடலூர் தருமச்சாலை சாம்பாரில் பருப்பு இருக்கிறது. காசு வாங்காமல், யார் எவர் என்று கேட்காமல் போடுகிற சோற்றில் அது இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக மாதத்துக்கு ஒரு நாளாவது அங்கே சாப்பிடுகிறேன், அதை வைத்துத்தான் சொல்கிறேன். ருசிக்காகப் போகிற இடம் இல்லை. காரம் குறைவாக இருக்கும், பல் போனவர்களும் சின்னப் பிள்ளைகளும் சாப்பிடும்படி சோறு குழைவாக இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

பண்ருட்டியில் கும்பகோணம் பஸ் ஏறினால் நெய்வேலி ஆர்ச் கேட் தாண்டி வடலூர். நான்கு ரோட்டில் இறங்கி நடந்தே போய்விடலாம். வெயில் தாங்காதவர்கள் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். வள்ளலார் என்று நாம் சொல்லும் இராமலிங்க அடிகள் 1823 அக்டோபர் 5இல் சிதம்பரம் பக்கம் மருதூரில் பிறந்தவர். சென்னையில் வளர்ந்து, 1858இல் அந்த ஊரை விட்டுக் கிளம்பி, எங்கள் பக்கத்துக் கருங்குழியில் வந்து தங்கினார். 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்துக்காரர்கள் 80 காணி அளவுக்கு நிலம் எழுதிக் கொடுத்தார்கள். அன்று ஏற்றிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. அது எரிய ஆரம்பித்து ஒன்பதாவது வருடத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. இந்தப் பக்கத்துக் கிழவிகள் அந்தப் பஞ்சத்தைத் தங்கள் பாட்டி சொன்ன கதையாக இன்னும் சொல்வார்கள்.

முதல்முறை போகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். நீளம் 21 அடி. அகலமும் ஆழமும் இரண்டரை அடி. சுவரோரமாகப் படுத்திருக்கும் வாய்க்கால் மாதிரி இருக்கும், தண்ணீருக்குப் பதில் தணல். அதன்மேல் அண்டாக்கள். நான் முதலில் பார்த்தது சோறு வடித்து முடித்த நேரம். கொழுந்து அடங்கிக் கங்கு மட்டும் சாம்பலுக்குள் சிவந்திருந்தது. ஒருவர் வந்து நீளக் கம்பியால் சாம்பலைத் தள்ளி, பாதி எரிந்த கட்டையைப் புரட்டிப் போட்டு, புதுக் கட்டை ஒன்றை அதன்மேல் சாய்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் புகைந்தது, அப்புறம் பற்றிக்கொண்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அணையவில்லை என்று கேள்விப்பட்டபோது ஏதோ அற்புதம் மாதிரி நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிகிறது, ஒரு ஆள் போனதும் இன்னொரு ஆள் கட்டையைப் புரட்டியிருக்கிறார், அவ்வளவுதான். நடு ராத்திரியிலும் யாரோ எழுந்து வந்திருக்கிறார்கள்.

இதை எழுதுகிற எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. வீட்டில் யாரும் திணிக்கவில்லை, நானாக யோசித்துப் பார்த்தும் வரவில்லை. அப்பா கருப்புச் சட்டைக்காரர். அவருக்கும் அம்மாவுக்கும் நடந்தது சுயமரியாதைத் திருமணம், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு நடந்தது. கடையில் கல்லாவுக்கு மேலே பெரியார் படமும், ‘கடவுளை மற, மனிதனை நினை’ என்று எழுதிய அட்டையும் இருக்கும். வேறு படம் கிடையாது.

அப்பா எடை போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நான். அப்போது தொங்கு தராசு. வெல்லமோ புளியோ காகிதத்தில் வைத்துப் போட வேண்டும். அப்பா அதே அளவு காகிதம் ஒன்றைக் கிழித்து, மடித்து, எடைக்கல் வைத்த தட்டிலும் போடுவார். காகிதத்தின் எடை சரக்கில் சேரக் கூடாது. ஒரு நாளைக்கு நூறு தடவை இதைச் செய்வார். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்கவே மாட்டார்கள். “யாருப்பா இதெல்லாம் பார்க்கிறாங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “அவன் காசு குடுக்கிறது வெல்லத்துக்குப் பாப்பா, காகிதத்துக்கு இல்ல” என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

எதிரில் இன்னொரு மளிகைக் கடை இருந்தது. கடைக்காரர் வெள்ளிக்கிழமை தவறாமல் படத்துக்குப் பூப் போட்டு, கற்பூரம் காட்டி, தராசைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வியாபாரத்தை ஆரம்பிப்பார். அவர் எடையும் சுத்தமாக இருக்கும். அப்பாவே சொல்வார், “ஒரு பொருள் நம்மகிட்ட தீர்ந்துபோச்சுன்னா எதிர்க்கடைக்குப் போ, வேற எங்கயும் போகாதே.” இரண்டு கடையிலும் ஒரு கிலோ என்றால் ஒரு கிலோதான். இவர் மனசாட்சிக்குப் பயந்தார், அவர் சாமிக்குப் பயந்தார். சரக்கு வாங்கின கூலிக்காரப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வீடு போய்ச் சேர்ந்தது.

அப்பா அன்னதானச் சோறு சாப்பிடமாட்டார். கொள்கைக்காக இல்லை. இளவயதில் சரக்கு ஏற்றிக்கொண்டு லாரியில் போனபோது நடுவழியில் வண்டி நின்றுபோய், ஒரு ஊர்க் கோயிலில் சாப்பாடு போடுகிறார்கள் என்று டிரைவரோடு போய் வரிசையில் நின்றிருக்கிறார். பரிமாறிக்கொண்டு வந்தவர் சட்டையைப் பார்த்துவிட்டு, “கருப்புச் சட்டைக்கெல்லாம் இங்க எல போடறதில்ல” என்று அடுத்தவருக்குப் போய்விட்டார். டிரைவர் தன் இலையை மூடிவிட்டுக் கூடவே எழுந்து வந்தாராம். இந்தக் கதையை அப்பா கோபமாகச் சொல்லமாட்டார். டிரைவர் எழுந்து வந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மும்.

அப்படிப்பட்டவர் வடலூரில் சாப்பிட்டது என் கல்யாணத்துக்குப் பிறகு. என் அத்தை, அதாவது மாமியார், சன்மார்க்கி, வள்ளலார் வழியில் நடக்கிறவர். இரண்டு வீட்டுக்கும் எப்படி ஒத்துப்போகும் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சந்தேகம். ஒத்துப்போனது. அத்தைக்கு ஜாதகம் பார்ப்பதில் நம்பிக்கை இல்லை, அப்பாவுக்கும் இல்லை. ‘கண்மூடி வழக்கமெலாம் மண்மூடிப் போக’ என்று வள்ளலார் பாடியதை அப்பா மேடையில் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார், அத்தை அருட்பாவில் படித்து மனப்பாடம் செய்திருந்தார். மாமா இறந்தபோது அத்தை தாலியைக் கழற்றவில்லை. கணவன் இறந்தால் மனைவியிடம் தாலி வாங்க வேண்டாம் என்று வள்ளலார் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரப் பெண்கள் வந்து நின்று பேசிப் பார்த்தார்கள், அத்தை அசையவில்லை. இன்றும் கழுத்தில் இருக்கிறது. பெரியார் மேடையில் பேசிய ஒரு விஷயத்தை, பெரியார் பிறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டுப் போன சாமியார் பேச்சைக் கேட்டு, எங்கள் வீட்டில் செய்து காட்டியவர் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற அத்தைதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். அத்தையை மாதப் பூசத்துக்குக் கொண்டுபோய் விட அப்பா ஒருமுறை துணைக்கு வந்தார். அதே கருப்புச் சட்டை. “உள்ள வாங்க சம்மந்தி, சாப்பிட்டுட்டுப் போகலாம்” என்று அத்தை கூப்பிட்டபோது தயங்கினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். இலை போட்டார்கள். சோறு விழுந்தது. பரிமாறின பையன் சட்டையைப் பார்க்கவே இல்லை, இலையைத்தான் பார்த்தான். சாம்பார் ஊற்றினதும் அப்பா விரலால் துழாவிப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, “பருப்பு போட்டிருக்கான்” என்றார். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒரு மூட்டை துவரம்பருப்பு வடலூருக்குப் போகும். பெயர் எழுத வேண்டாம் என்பார். சாமிக்குக் கொடுப்பதாக அவர் நினைக்கவில்லை. “அங்க யாரு பசியோட வந்தாலும் போடறான். நாம தனியா அடுப்பு வைக்க முடியுமா? வச்சிருக்கிறவனுக்குப் பருப்பு குடுப்போம்.” 2011இல் அப்பா போனார். காரியம், கருமாதி எதுவும் வேண்டாம் என்று எழுதியே வைத்திருந்தார். அன்று எங்களோடு வந்து நின்ற ஒரே பெரிய மனுஷி அத்தைதான். “வள்ளலாரும் அதெல்லாம் வேண்டாம்னுதான் சொல்லியிருக்காரு, பேசாம இருங்க” என்று எல்லோரையும் அடக்கினார். அன்று வீட்டில் வேறொன்றும் செய்யவில்லை. அத்தை சொல்லி, தெருவில் வேலைக்கு வந்திருந்தவர்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டோம்.

மூட்டை இப்போது தம்பி கடையிலிருந்து போகிறது. மின்னணுத் தராசில் ஒரு பொத்தானை அழுத்தினால் பையின் எடை தானாகக் கழிந்துவிடும். அந்தப் பொத்தானைத் தம்பி ஒருமுறைகூட மறந்து நான் பார்த்ததில்லை.

தருமச்சாலையில் சாப்பிட உட்கார்ந்ததும் அருட்பெருஞ்ஜோதி மந்திரம் சொல்வார்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன். நம்பாத ஒன்றை ஊரோடு சேர்ந்து சொல்வது எனக்குப் பொய் சொல்வது போல இருக்கிறது. எழுந்தும் போகமாட்டேன். சொல்கிறவர்கள் மனதாரச் சொல்கிறார்கள், முடியும்வரை கைகட்டி உட்கார்ந்திருப்பேன். முதல் வருடம் இது பெரிய உறுத்தலாக இருந்தது. சோற்றைத் தின்றுவிட்டு நன்றிகூடச் சொல்லாத மாதிரி. ஒருநாள் காய் நறுக்குகிற இடத்தில் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் போய், “அய்யா, எனக்குச் சாமி நம்பிக்கை இல்லைங்க. இங்க வேலை செய்யலாமா?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கை கழுவிட்டு வந்து உட்காரும்மா, கத்திரிக்காய் ரெண்டு மூட்டை கிடக்கு” என்றார்.

அன்றிலிருந்து அரிவாள்மனை முன்னால்தான் என் மாதப் பூசம். நறுக்கின கத்திரிக்காய் கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போட வேண்டும். காம்பை அதிகமாக வெட்டி எறியக் கூடாது, சொத்தையை மட்டும் கிள்ளிவிட்டு மிச்சத்தைப் போட வேண்டும். கொடுத்தவன் பாடுபட்டு விளைவித்தது என்பார் பெரியவர். அந்த வட்டத்தில் உட்காருகிறவர்கள் யாரென்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. கழுத்தில் சிலுவை போட்ட ஒரு அக்கா குறிஞ்சிப்பாடியிலிருந்து வருவார். பூசணிக்காயைப் பிளப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ‘எதற்கு வருகிறீர்கள்’ என்று அவரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

ஒரு நாள் பந்தி முடிகிற நேரம். அழுக்குச் சட்டை, சடைபிடித்த முடி, தனக்குத்தானே பேசிக்கொண்டு ஒருவர் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். பரிமாறுகிறவர் வற்புறுத்தவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு, சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் திண்ணையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார். அவர் பாதி சாப்பிட்டார், பாதியை வாசலில் கிடந்த நாய்க்குப் போட்டார். பரிமாறுகிறவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நினைத்தேன், இனிமேல் கொடுக்கமாட்டார் என்று. அவர் போய் இன்னொரு கரண்டி சோறு கொண்டுவந்து அதே தட்டில் போட்டார். எல்லா உயிரின் பசியையும் போக்க வேண்டும் என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் வள்ளலார் எழுதியது நாய்க்கும் சேர்த்துத்தான். புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொண்டதைவிட அந்தக் கரண்டியைப் பார்த்துப் புரிந்துகொண்டது எனக்கு அதிகம்.

எனக்கு ஒப்பாத விஷயமும் உண்டு. தருமச்சாலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் சத்திய ஞான சபை, 1872இல் வள்ளலார் திறந்தது. எண்கோணக் கட்டடம். சிலை கிடையாது, ஏழு திரைகளுக்குப் பின்னால் ஜோதி. தைப்பூசத்தில் ஏழு திரையும் விலகும். வாசலில் ‘கொலை புலை தவிர்த்தவர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும்’ என்று எழுதியிருக்கிறது. நான் மீன் சாப்பிடுகிறவள். கடலூர்த் துறைமுகத்து நெத்திலி வந்தால் எங்கள் வீட்டில் அன்று வேறு குழம்பு இல்லை. அத்தைக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். அதனால் சபைக்குள் நான் போனதில்லை. யாரும் நம் வாயை முகர்ந்து பார்க்கப்போவதில்லை. அத்தைகூட ஆரம்பத்தில், “குளிச்சிட்டுத்தானே வந்திருக்கே, யாரு கேட்கப்போறா, வாயேன்” என்றிருக்கிறார். யாரும் கேட்கமாட்டார்கள் என்பதாலேயே எனக்கு மனம் வரவில்லை. பெருவெளியில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பேன், அத்தை உள்ளே போய்விட்டு வருவார்.

புலால் உண்ணாதவர்களை அகவினத்தார் என்றும் உண்பவர்களைப் புறவினத்தார் என்றும் வள்ளலார் பிரித்தார். புறவினத்தாருக்குப் பசி தவிர்ப்பது மட்டும் போதும் என்றார். ஒரு மனிதனை அவன் தட்டை வைத்து உள்ளே, வெளியே என்று வகுப்பதை நான் ஏற்கமாட்டேன். மீன் பிடித்துப் பிழைக்கிற தேவனாம்பட்டினத்துக்காரன் எந்த வகையிலும் என்னைவிட இரக்கம் குறைந்தவன் இல்லை. அத்தையிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். “உயிரைக் கொன்னு தின்னுட்டு இரக்கம்னு எப்படி சொல்றே?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை, நெத்திலியையும் விடவில்லை. ஆனால் ஒன்று, அவ்வளவு கண்டிப்பான மனிதரும் பசி என்று வந்தால் புறவினத்தானுக்கும் சோறு போடு என்றுதான் எழுதி வைத்தார். சபை வாசலில் இருக்கிற நிபந்தனை சாப்பாட்டுப் பந்தியில் இல்லை.

கருங்குழியில் தண்ணீரில் விளக்கெரித்தார் என்பார்கள். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் ஒளியாகிவிட்டார் என்பார்கள். நான் நம்பவில்லை. அத்தை முழுக்க நம்புகிறார். நாங்கள் இதைப் பேசிச் சண்டை போட்டதில்லை. அத்தைக்கு இப்போது 78 வயது, முட்டி வலி. ஆனாலும் பூசத்தன்று விடியற்காலை நாலரைக்கு எனக்கு முன்னால் எழுந்து, குளித்து, பையில் ஒரு படி அரிசி கட்டிவைத்துக்கொண்டு என்னை எழுப்புகிறார். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இவ்வளவு வலியோடு இவர் எழுந்திருப்பாரா என்று யோசித்திருக்கிறேன். எழமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அப்பா, வலி தாங்காத கடைசி வருடத்திலும் ஐந்து மணிக்கு எழுந்து கடை திறந்தார். முந்திரித் தோப்பு வேலைக்குப் போகிற பெண்கள் காலையில்தான் அரிசி வாங்கமுடியும், முந்தின நாள் கூலி அப்போதுதான் கையில் இருக்கும் என்று. அவரை எழுப்பியது எது என்று கேட்டால் எனக்கு அதற்குப் பெயர் தெரியாது. ராத்திரியில் எழுந்து அந்த அடுப்பில் கட்டையைப் புரட்டிய அத்தனை பேரில் இரண்டு வகையும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

போக நினைக்கிறவர்களுக்கு. தைப்பூசத்தில் லட்சக்கணக்கில் கூட்டம் வரும், ஜோதி பார்க்கிறவர்களுக்கு அதுதான் நாள். சாப்பாட்டையும் அடுப்பையும் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண நாளில் போங்கள். பசியோடு போங்கள். கொடுக்க விரும்பினால் அரிசி, பருப்பு, காய்கறி எதுவானாலும் கொண்டுபோகலாம். அழுகினதை வீட்டிலேயே பொறுக்கிப் போட்டுவிடுங்கள். காய் நறுக்க உட்காரப் போகிறீர்கள் என்றால் பழைய புடவை கட்டிக்கொள்ளுங்கள், வாழைக்காய்க் கறை போகாது. அரிவாள்மனை அங்கேயே இருக்கிறது.